நம் கரைக்கு ஒரு படகுச் சாய்தளம்: அனுமதி பெறும் செலவுக்கு நன்கொடை வேண்டுகோள்

ஊர் மக்களுக்கும், சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் பிழைக்கப் போயிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும், நம் கரையில் மீன் வாங்கிப் பழகிய சுற்றுவட்டாரத்தாருக்கும் சாய்தளக் குழுவின் வணக்கம்.

சிமெண்டுக்கும் கம்பிக்கும் நாங்கள் இப்போது பணம் கேட்கவில்லை. படகைக் கடலில் இறக்கவும் கரையேற்றவும் போடும் சரிவான தளமான சாய்தளத்தைக் கட்ட அனுமதி வாங்கும் வேலைக்குத்தான் கேட்கிறோம். ஒரு செங்கல்கூட எழும்பாத வேலைக்கு ஆறரை லட்சம் ரூபாயா என்று ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு நம் கரை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறோம். காலை ஏழு மணிக்குப் படகு திரும்புகிறது. அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று, மூன்று அலை போகட்டும் என்று காத்திருக்கிறார்கள். இடைவெளி கிடைத்ததும் எஞ்சினை முடுக்கி உள்ளே விடுகிறார்கள். தரை தட்டும் முன்பு எஞ்சினைத் தூக்கிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் விசிறி மணலில் சிக்கி உடையும், கொஞ்சம் முந்தினால் படகு குறுக்கே திரும்பும். முன்னால் இருப்பவர் கயிற்றோடு குதிக்கிறார். கரையில் இருப்பவர்கள் மார்பளவு தண்ணீருக்குள் ஓடிவந்து பக்கவாட்டில் தோள் கொடுக்கிறார்கள். எஞ்சின், வலை, ஐஸ் பெட்டி, மீன் எல்லாம் சேர்ந்து ஒரு டன்னைத் தாண்டும் எடையை ஈர மணலில் மேலே தள்ளியாக வேண்டும். அந்த நேரத்தில் பின்னால் ஓர் அலை வந்து படகைத் தூக்கிப் போட்டால், நடுவில் இருப்பவனின் கால் என்ன ஆகும்?

போன வாடையில் அதுதான் நடந்தது. இரண்டு பிள்ளைகளின் தகப்பன் ஒருவர் படகுக்கும் மணலுக்கும் இடையில் அகப்பட்டு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, ஏழு மாதம் கடலுக்குப் போகாமல் இருந்தார். இன்னும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் குழுவை ஐந்து வருடங்களுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அலை பெரிதாக இருக்கும் நாட்களில் டிராக்டர் வைத்து இழுக்கிறோம். ஒவ்வொரு இழுப்புக்கும் வாடகை. இழுக்க இழுக்கப் படகின் அடிப்பாகம் தேய்கிறது. வருடத்துக்கு ஒரு முறை படகைக் கவிழ்த்துப்போட்டுப் பிசின் பூசி ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, சந்தைக்கு வருவது நம்மைப் போன்ற சிறு படகுக்காரர்களின் மீன்தான். கோலா மீன் ஓடும் காலமும் அப்போதுதான் வருகிறது. அந்த நாட்களில் ஒரு படகு அரை மணி நேரம் அலையில் தத்தளித்தால், மேலே கூடையோடு காத்திருக்கும் பெண்களுக்குப் பஸ் தவறுகிறது, மீனின் விலை சரிகிறது.

பக்கத்தில் துறைமுகங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். பழையாறு, பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் எல்லாம் நமக்குத் தெரிந்த இடங்கள். அங்கே கொண்டுபோய்ப் படகைக் கட்டினால், விடியற்காலை மூன்று மணிக்கு ஆட்டோ பிடித்துத்தான் தொழிலுக்குப் போக வேண்டும். அதைவிடப் பெரிய இழப்பு, ஏலம் அங்கே போய்விடும். நம் கரையில் ஏலம் நின்றால் தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்கள், கருவாடு போடுகிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் பிழைப்பு நின்றுவிடும். ஊரே கடலைப் பார்த்த ஊராக இருந்தும் கரை வெறிச்சோடிக் கிடக்கும். அதை எங்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இனி, நம் கரையில் இடிந்து கிடக்கும் பழைய கான்கிரீட் கட்டையைப் பற்றி. சுனாமிக்குச் சில வருடங்களுக்குப் பிறகு, நம் ஊரே தலைக்கட்டு வரி போட்டுக் கோயிலுக்கு நேரே ஒரு கான்கிரீட் சரிவு போட்டோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நம் கரை, நம் காசு, யாரைக் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டோம். முதல் கோடையில் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் அலை அடியில் இருந்த மணலை அரித்துக்கொண்டு போனது. தளம் நடுவில் பிளந்தது. கம்பிகள் துருத்திக்கொண்டு நின்றன. அதில் உரசி மூன்று படகுகளின் அடி கிழிந்தது. சரிவுக்கு வடக்குப் பக்கம் கரை குழிந்து, வரிசையாக நின்ற தென்னைகள் சாய்ந்தன. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து, உங்கள் கட்டடத்தால் எங்கள் மணல் போகிறது என்று சண்டை போட்டார்கள். அவர்கள் சொன்னது உண்மை. அந்தக் கட்டை இன்றும் தண்ணீர் வற்றும்போது தலை காட்டுகிறது. படகை உள்ளே விடும்போது அதைத் தவிர்க்கத்தான் எல்லோரும் தெற்கே ஒதுங்குகிறோம்.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. தெற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் மாதங்களில் வடக்கே ஓடுகிறது, வடக்கிலிருந்து வீசும் வாடையில் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே எதைக் கட்டினாலும் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். புதுச்சேரியில் 1980களில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்த பிறகு நகரத்துக் கடற்கரை காணாமல் போய்க் கருங்கல் கொட்ட வேண்டி வந்ததும், அதற்கு வடக்கே சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் போன்ற மீனவ ஊர்களில் கடல் வீடுகளை நெருங்கியதும் நம்மில் பலர் கண்ணால் பார்த்தவை. அது பெரிய துறைமுகம், நம்முடையது சிறிய சரிவுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள மாட்டோம். சிறிய சரிவு என்ன செய்யும் என்று நம் தென்னைகளே காட்டிவிட்டன.

அதனால்தான் இந்த முறை அனுமதி, அளவை, வரைபடம், அதன் பிறகே சிமெண்டு என்று முடிவெடுத்திருக்கிறோம். அனுமதிக்குக் கேட்கப்படும் ஆய்வுகளை யாரோ நம்மேல் சுமத்திய சிரமமாக நாங்கள் நினைக்கவில்லை. அன்றைக்கே அந்த ஆய்வுகளைச் செய்திருந்தால் அந்தக் கட்டை அங்கே கிடந்திருக்காது.

கடலோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991இலும் பிறகு 2011இலும், அதன் பிறகு 2019 ஜனவரி 18 அன்றும் வெளியானது. ஓதம் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லையான உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர், கடல் பக்கம் 12 கடல் மைல் வரை அதற்குள் வருகிறது. படகு ஏற்றும் சாய்தளங்களை அது தடை செய்யவில்லை. அனுமதி பெற்றுக் கட்டலாம். ஆனால் சாய்தளத்தின் மேல்பகுதி மணலிலும், நடுப்பகுதி ஓதம் ஏறி இறங்கும் இடத்திலும், அடிப்பகுதி கடலிலும் இருக்கிறது. ஆகவே கோப்பு மாவட்ட, மாநிலக் கடலோர மேலாண்மை ஆணையங்களைக் கடந்தாக வேண்டும். கூடவே கடற்கரைப் புறம்போக்கு நிலத்துக்கு வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்றும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் வேண்டும்.

இவற்றில் செலவு பிடிப்பவை இரண்டு. ஒன்று, 1:4000 அளவில் உயர் ஓதக் கோடும் தாழ் ஓதக் கோடும் குறித்த வரைபடம். அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் இதைத் தயாரிக்க முடியும். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. இரண்டாவது, கரையையும் கரையோரக் கடலடியையும் அளப்பது. நம் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் நீளமான சாய்தளம் தேவைப்படாது. அது நமக்கு வசதி. ஆனால் மழைக்காலத்தில் கரை குறுகி, கோடையில் மறுபடி மணல் சேர்ந்து அகல்கிறது. ஒரே ஒரு முறை அளந்துவிட்டுக் கட்டினால் பழைய கதைதான். எனவே தை மாதம் ஒரு முறை, ஆவணியில் ஒரு முறை என இரண்டு பருவமும் அளக்க வேண்டும். ஆறரை லட்சத்தில் 2,30,000 ரூபாய் இதற்கு மட்டுமே ஆகிறது. மீதி, வரைபடத்துக்கும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கும் பேரிடர் மேலாண்மை அறிக்கைக்கும் மண் பரிசோதனைக்கும் பொறியாளரின் வடிவமைப்புக்கும் போகும்.

பங்குனி ஆமைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கரையின் வடக்கு முனையில் அவை முட்டையிட வருவது சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். கூழையாரில் வனத்துறை வைத்திருக்கும் பொரிப்பகத்தைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். ஆமை முட்டையிடும் இடங்களும் மணல்மேடுகளும் சட்டத்தில் மிகக் கடுமையாகக் காக்கப்படும் பகுதியில் வருகின்றன. இப்போது டிராக்டர் சக்கரம் கரை முழுக்க ஓடுகிறது; எந்தக் குழியின் மேல் ஏறுகிறது என்று இருட்டில் யாருக்குத் தெரியும்? ஒரே இடத்தில் சாய்தளம் இருந்தால் படகுகள் அந்த வழியாகவே ஏறும், மற்ற மணல் அமைதியாகக் கிடக்கும். தளத்தைக் கோயிலுக்குத் தெற்கே, ஆமை வராத பகுதியில், மணல் மட்டத்தை விட்டு எழும்பாமல் அமைக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். சரியான இடத்தை ஆய்வு சொல்லட்டும். அது எங்கே காட்டினாலும் ஏற்றுக்கொள்வோம் என்று ஊர்க்கூட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

கணக்கைச் சொல்கிறோம். தேவை 6,50,000 ரூபாய். நம் ஊரின் 94 படகுகளும் படகுக்கு 1,500 வீதம் கொடுத்து 1,41,000 சேர்ந்துவிட்டது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 25,000 தந்திருக்கின்றன. அன்னக்கூடையில் சில்லறை எண்ணிப் பிழைக்கும் கைகளிலிருந்து வந்த பணம் அது. அதை வாங்கும்போது எங்கள் கைகள் நடுங்கின. இன்னும் 4,84,000 ரூபாய் வேண்டும். நாகப்பட்டினம் நம்பியார் நகர் மீனவர்கள், மக்களும் அரசும் சேர்ந்து பணம் போடும் நமக்கு நாமே திட்டத்தில் தங்கள் பங்குப் பணத்தைப் போட்டுத் தங்கள் துறைமுகத்துக்கு வழி செய்தார்கள். அனுமதி கையில் வந்த பிறகு கட்டுமானத்துக்கு நாமும் அரசிடம் அப்படிப் போய் நிற்கலாம். அனுமதி இல்லாமல் எந்தத் திட்டத்திலும் நம் கோரிக்கையை வைக்க முடியாது.

சாய்தளம் வந்தால் அது எல்லோருக்கும் பொது. படகு வைத்திருப்பவர், கட்டுமரம் வைத்திருப்பவர், புயலில் ஒதுங்க வரும் வேற்றூர்ப் படகு, யாருக்கும் மறுப்பு இல்லை, கட்டணமும் இல்லை. பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் போய் முன்கூட்டியே பேசிவிட்டோம். பழைய கட்டையை எடுத்துவிட்டுத்தான் புதியது வர வேண்டும் என்றார்கள். ஒப்புக்கொண்டோம், அதையும் விண்ணப்பத்தில் சேர்க்கிறோம்.

பணம் குழுவின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் இருக்கிறது. இரண்டு கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது. அதில் ஒன்று ஏலக் கூடத்துப் பெண்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினருடையது. வரவும் செலவும் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வலை பின்னும் கூடத்துப் பலகையில் எழுதப்படும். மாசி மகத்துக்குச் சாமி கடலுக்கு வரும் அன்று, வெளியூர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஊரில் இருக்கும்போது, முழுக் கணக்கையும் ஒலிபெருக்கியில் படிப்போம். அனுமதி மறுக்கப்பட்டால் செலவானது போக மீதியை, கொடுத்தவர்களுக்கு அவரவர் பங்கின்படி திருப்பிக் கொடுப்போம். ஆய்வு அறிக்கைகள் ஊரிடமே இருக்கும். அடுத்த தலைமுறை மறுபடி கேட்கும்போது வெறுங்கையோடு நிற்க வேண்டாம்.

நூறு ரூபாயாக இருந்தாலும் கொடுங்கள். பணம் முடியாதவர்கள் தை மாத அளவையின்போது இரண்டு நாள் படகு தந்து உதவலாம். கடலடியை அளக்க நமக்குத் தெரிந்த கை வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் வீட்டார் மூலம் பஞ்சாயத்து அலுவலகத்தில் கட்டிவிடலாம். எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். அளவைக் குழுவுக்குத் தை பிறப்பதற்கு முன்பே முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால், கொடுக்க நினைப்பதை மார்கழி முடிவதற்குள் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பஞ்சாயத்தார் மற்றும் சாய்தளக் குழுவினர்