பாட்டி போட்ட சொற்கணக்கு

அன்புள்ள அம்முவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் குட்டியின் பதினெட்டு மாதச் சோதனையில் "ஆறு சொல்தானா?" என்று தாதி இழுத்தாளாம். இனிமேல் வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்திலேயே பேசிவிடலாமா என்று கேட்டாய். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். வாயைத் திறந்திருந்தால் சண்டையாகியிருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அந்த ஆறும் ஆங்கிலச் சொல். போன வாரம் முழுக்க அவன் வீடியோவில் பேசியதை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருக்கிறேன்: மம்மு, பாச்சி, தா, வா, இங்க, போச்சு, ஆனை, பாப்பா, தாத்தா, காலு, ஊ (அடிபட்டால்), ஜூஜூ (பக்கத்து வீட்டு நாய்), ஆணாம். கடைசியாக எழுதியது "வேணாம்". சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கண்டதும் தலையை ஆட்டி ஒவ்வொரு முறையும் அதையே சொல்கிறான் என்றால் அது சொல்தான், உச்சரிப்பு எப்படி இருந்தால் என்ன? ஆகப் பதின்மூன்று. உன் ஆறையும் சேர்த்தால் 19. மில்க்கும் பாச்சியும் ஒன்றுதானே என்று கேட்காதே. அவன் இரண்டையும் தனித்தனியாகத்தான் கற்றான், இரண்டையும் எண்ண வேண்டும். இரண்டு மொழிக்காரப் பிள்ளையை ஒரு மொழியில் அளப்பது, ஒரு கையில் இருக்கும் காசை மட்டும் எண்ணிவிட்டு ஏழை என்பது போல.

இந்த வயதில் பத்துச் சொல்லோடு நிற்கும் பிள்ளையும் உண்டு, நூறைத் தாண்டிய பிள்ளையும் உண்டு. இருபது வருடம் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான், எல்லா ரகத்தையும் பார்த்திருக்கிறேன். சொல்லை எண்ணும் முன் நான் விரலைத்தான் பார்ப்பேன். எதையாவது சுட்டிக்காட்டிவிட்டு உன் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? பார்க்கிறான். "ஷூவை எடுத்துட்டு வா" என்றால் எடுத்து வருகிறான், அதுவும் ஜோடி மாறாமல். அப்புறம் என்ன?

ஆனாலும் காதை ஒருமுறை சோதித்துவிடு. பிறந்தபோதே பார்த்தாயிற்று என்று விட்டுவிடாதே. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குக் காதுக்குள் நீர் கோத்துக்கொண்டால் கேட்பது மங்கிப்போகும். கூப்பிட்டும் திரும்பாவிட்டாலோ, தெரிந்த சொல்லை மறந்துகொண்டே போனாலோ, இரண்டு வயதாகியும் "அம்மா வா" மாதிரி இரண்டு சொல்லைச் சேர்க்காவிட்டாலோ, தாதியிடம் நீயே போய் நில். அப்போதும் விட வேண்டியது தமிழை அல்ல.

இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் நீதான். உனக்கு இரண்டரை வயது, 1992. நீ அதிகம் பேசவில்லை என்று ஓரிடத்துக்குக் கூட்டிப்போனோம். படித்தவர் ஒருவர், "இரண்டு மொழி குழப்புகிறது, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கு அது எங்களுக்கு வேதவாக்கு. இங்கே சிங்கப்பூரில், தோ பாயோ வீட்டுக்கு வந்ததும் நானும் அப்பாவும் ஆங்கிலத்துக்கு மாறினோம். மாறினோம் என்ன, வாயை மூடிக்கொண்டோம்! எனக்கு ஆங்கிலத்தில் படிவம் நிரப்பத் தெரியும், பிள்ளையைக் கொஞ்சத் தெரியாது. "கம்", "ஈட்", "டோன்ட் டச்" என்று நாள் முழுக்க நாலு சொல்லில் குடும்பம் நடந்தது. குளிப்பாட்டும்போது நான் பாட்டுக்கு எதையாவது உளறிக்கொண்டே இருப்பேனே, அதுவும் நின்றுபோனது. நாங்கள் வாயைத் திறக்காமல் பிள்ளைக்கு எங்கிருந்து பேச்சு வரும்?

உன் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த அறிவுரை அவருக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். காரிடாரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே உன் உள்ளங்கையில் பருப்புக் கடைவார், நண்டு விடுவார், கீழே போகிற பேருந்தின் எண்ணைப் படிக்கச் சொல்லி உன்னையே கேட்பார். நீ "ஆ" என்றால் போதும், "ஆமா, அதுதான் சரி" என்று மேலே பேசுவார். இன்றைக்கு நீ தமிழில் என்னோடு சண்டை போடுகிறாய் என்றால் அவர் புண்ணியம். எட்டு மாதம் கழித்து நானும் பழையபடி பேச ஆரம்பித்தேன். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

மூன்று வயதில் ஒருநாள் நீ, "நானுக்கு ஐஸ்கிரீம்" என்றாய். எல்லோரும் சிரித்தோம். பிற்பாடு பயிற்சி வகுப்பில்தான் அதன் அருமை புரிந்தது. எங்கள் யாரிடமும் நீ அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. பாட்டிக்கு, அப்பாவுக்கு, மாமாவுக்கு என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் "க்கு" போட்டால் போதும் என்று நீயே ஒரு விதி கட்டியிருக்கிறாய். 1958இல் அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ என்ற ஆய்வாளர், உலகத்திலேயே இல்லாத பறவை ஒன்றின் படத்தைப் பிள்ளைகளிடம் காட்டி, இதன் பெயர் "வக்", இப்போது இரண்டு இருக்கிறது, என்னவென்று சொல்வாய் என்று கேட்டார். "வக்ஸ்" என்றார்கள். அந்தச் சொல்லை அதற்கு முன் அவர்கள் கேட்டிருக்க வழியே இல்லை. நம் குட்டியும் ஒருநாள் "நானுக்கு" என்பான். திருத்தாதே. "ஓ, உனக்கா? எனக்கும் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போ, தானாகச் சரியாகும்.

கலந்து பேசினாலும் பயப்படாதே. "லிஃப்ட்டுக்குள்ள பந்து போச்சு" என்பாய் நீ. லிஃப்ட் ஆங்கிலம்தான், "உக்குள்ள" சுத்தத் தமிழ், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. எதிர்வீட்டு மக்சிக்கை (மலாய்க்கார அம்மாவை) கண்டால் மட்டும் "மக்கான், மக்கான்" (சாப்பாடு) என்று மலாய்க்குத் தாவுவாய். குழம்பிய பிள்ளை ஆள் பார்த்து மொழி மாற்றுமா?

இன்னொன்று. 1984இல் ஜேனட் வெர்க்கரும் அவரோடு இருந்த ரிச்சர்ட் டீஸும் கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளைச் சோதித்தார்கள். இந்தியில் வரும் "ட"வையும் "த"வையும் ஆறேழு மாதத்தில் பிரித்துக் கேட்ட பிள்ளைகள், ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலும் பிரிப்பதில்லை. வீட்டில் காதில் விழாத ஓசை, காதுக்கு வேண்டாததாகிவிடுகிறது. பிறகு கற்க முடியாது என்றில்லை, பாடுபட வேண்டும். ழகரத்தோடு என் மாணவர்கள் பட்ட பாட்டை நான் அறிவேன். 2020 கணக்கெடுப்பில், சிங்கப்பூரில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, எம்ஆர்டி ரயிலில் அறிவிப்பு, பள்ளியில் பாடம் என்று எல்லாம் இருந்தும் இங்கேயே இந்த நிலை. ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் உன் வாயை விட்டால் அவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

என் வாய் இருக்கிறது என்று வைத்துக்கொள். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு நேரில் ஒருவர் சீனம் பேசி விளையாடியபோது அந்த ஓசைகளைப் பிடித்துக்கொண்டார்கள், அதையே காணொளியில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. பட்ரீசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்டது. அதனால் கார்ட்டூனைப் போட்டுவிட்டுத் தமிழ் வந்துவிடும் என்று இருக்காதே. ஆனால் பதிலுக்குப் பதில் பேசும் வீடியோ அழைப்பு வேறு, அதில் இரண்டு வயதுப் பிள்ளைகள் சொல் கற்கிறார்கள். உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே நேரம்தானே. மாலை ஆறரைக்கு அவன் சாப்பிடும்போது போனை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு நீ உன் வேலையைப் பார். அவன் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு "பாட்டிக்கு ஹாய் சொல்லு" என்று படுத்தாதே. அவன் கரண்டியைப் போடுவான், நான் "போச்சா?" என்பேன், அவன் "போச்சு" என்பான். எங்கள் பேச்சு அப்படித்தான் நடக்கும்.

மாப்பிள்ளை அவனோடு ஆங்கிலத்திலேயே பேசட்டும், அவருக்கு அதுதான் தடையில்லாமல் வருகிறது. நீ உனக்கு வருவதைப் பேசு.

நேற்று ஜன்னலைக் காட்டி "ஆக்கா, ஆக்கா" என்றானே, அது காக்காவா, அடுத்த வீட்டு அக்காவா? உங்கள் ஊர்க் காக்கா பிள்ளை அழுவது மாதிரி கத்துவதால் எனக்குப் பிடிபடவில்லை. கேட்டுச் சொல், பட்டியலில் எந்தப் பக்கம் எழுதுவது என்று பேனாவோடு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா