எந்நேரமும் விழிப்பாக இருக்க யாரால் முடியும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பெண்களின் தற்காப்பு பற்றி வந்த சிறப்புப் பகுதியைப் படித்தேன். மணிக்கட்டைப் பிடித்தவனிடமிருந்து விடுவித்துக்கொள்ளும் முறையைப் படங்களோடு விளக்கியது நன்றாக இருந்தது. ஆனால் கடைசிப் பெட்டியில், ‘எந்த நேரமும் சுற்றிலும் நடப்பதைக் கவனித்துக்கொண்டே இருங்கள்’ என்று போட்டிருக்கிறீர்கள். காவல்துறையில் இருந்து ஓய்வுபெற்றவள் நான். எனக்குச் சண்டை அந்த ஒரு வரியோடுதான்.

அது மனிதரால் ஆகிற காரியம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானங்களில் ரேடார் திரை முன் உட்கார்ந்து ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடியவர்கள், நேரம் போகப் போகத் திரையில் தெரிந்ததையே தவறவிட்டார்கள். நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் கடிகார முள் போல ஓடும் ஒரு கருவியை வைத்து இதைச் சோதித்து 1948இல் வெளியிட்டார். முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் சரியத் தொடங்கியிருந்தது. இத்தனைக்கும் அவர்களுக்கு வேறு வேலையே கிடையாது. இடுப்பில் பிள்ளையும் கையில் காய்கறிப் பையுமாக, கேஸ் சிலிண்டர் புக் பண்ணினோமா என்று யோசித்துக்கொண்டே நடக்கிறவளிடம் ‘எந்த நேரமும்’ என்று சொல்வது சும்மா வாய்க்கு வந்த புத்திமதி.

இதை நம் ஊர்த் திருடர்கள் நன்றாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். ‘கவனத்தைத் திசைதிருப்பி’ என்று பத்திரிகைகள் வாரம் தவறாமல் எழுதுகின்றனவே, அந்தத் தொழிலே இதன் மேல்தான் நிற்கிறது. வங்கியில் பணம் எடுத்து வருகிறவர் எதிரே நாலைந்து பத்து ரூபாய் நோட்டைப் போட்டுவிட்டு, “ஐயா, உங்க பணம் விழுந்துருக்கு பாருங்க” என்பான் ஒருவன். குனிந்து பொறுக்குவதற்குள் வண்டியில் மாட்டிய பை போயிருக்கும். சட்டையில் எதையோ தெளித்துவிட்டு, “அசிங்கம் பட்டிருக்கு, கழுவிக்குங்க” என்று தண்ணீர் காட்டுவது இன்னொரு வகை. காலையில் கோலம் போடும் பெண்ணிடம் விலாசம் கேட்பான் வண்டி ஓட்டுகிறவன். சங்கிலியை அறுப்பது பின்னால் உட்கார்ந்திருப்பவன். வயதான அம்மாக்களிடம் “நாங்க போலீஸ், முன்னாடி தெருவுல கொலை நடந்திருக்கு, நகையைக் கழட்டிப் பேப்பர்ல மடிச்சு வெச்சுக்குங்க” என்று சொல்லி, மடித்துக் கொடுப்பது கல்லாக இருக்கும். ஏமாந்தவர்கள் மந்தபுத்திக்காரர்கள் இல்லை. நான் புகார் எழுதி வாங்கியவர்களில் கல்லூரிப் பேராசிரியரும் உண்டு, வட்டிக்கடைக்காரரும் உண்டு.

புகார் கொடுக்க வருகிறவர்களை அதிகம் நோகடிப்பது போன நகை அல்ல, “பார்த்து வரக்கூடாதா?” என்று வீட்டில் எல்லாரும் கேட்பதுதான். எங்கள் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. “வண்டி நம்பரைக்கூடப் பார்க்கலையா?” என்று அதட்டுவார்கள். கத்தியைக் காட்டினால் கண் கத்தியிலேயே நின்றுவிடும், முகம் மனதில் பதியாது என்பது தெரிந்திருந்தும் அதட்டுவார்கள்.

போலீஸ்காரர்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. 1995இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கென்னி கான்லி என்ற காவலர் ஒரு குற்றவாளியைத் துரத்தி ஓடினார். பக்கத்திலேயே மற்றக் காவலர்கள், சாதாரண உடையில் இருந்த சக காவலர் மைக்கேல் காக்ஸைக் குற்றவாளி என்று நினைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கவில்லை என்றார் கான்லி. பொய் சாட்சி சொன்னதாக 1998இல் தண்டிக்கப்பட்டார். தீர்ப்பு பின்னால் ரத்தானது. அதே சூழலைச் சாப்ரிஸ், சைமன்ஸ் ஆகிய உளவியலாளர்கள் நடத்திப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். ஒருவர் பின்னால் ஓடியவர்களில் வழியோரம் நடந்த போலிச் சண்டையைக் கவனித்தது இரவில் மூன்றில் ஒரு பங்கினர்தான். பட்டப்பகலில்கூடப் பாதியைச் சற்றுத் தாண்டியது.

ஆகவே கவனத்தையும் கைச்செலவுப் பணம் மாதிரி தேவையான இடத்துக்கு ஒதுக்க வேண்டியதுதான். வங்கியை விட்டு வெளியே வரும்போது, பஸ்ஸை விட்டு இறங்கும்போது, பூட்டிய கேட்டைத் திறக்கும்போது என்று இடம் குறித்துச் சொல்லுங்கள். இறங்குவதற்கு முன்பே போன் பேச்சை முடிக்கச் சொல்லுங்கள். காதில் மாட்டிப் பேசினால் கை காலியாக இருக்கும், மனசு இருக்காது. பழக்கமில்லாதவர் கூப்பிட்டால் முதலில் கை பைக்குப் போகட்டும், பதில் அப்புறம். இதைப் பழக்கமாக்கிவிட்டால் யோசிக்கவே வேண்டாம். நகையைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லும் போலீஸ் கிடையவே கிடையாது என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

திருப்பி அடித்தால் நம் மேலேயே கேஸ் ஆகும் என்று ஒரு வாசகி பயந்திருந்தார். தற்காப்பு உரிமையைச் சொல்லும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழும்போதே உடலைக் காத்துக்கொள்ளும் உரிமை தொடங்கிவிடுகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யத்தான் இடமில்லை. பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டி ஊரே அடிப்பது தற்காப்பில் சேராது.

அடுத்த பகுதியில் அந்த வங்கி வாசல் தந்திரங்களையும் படம் போட்டு விளக்குங்கள். மாதத் தொடக்கத்தில் பென்ஷன் எடுக்கப் போகிறவர்கள் கைக்கு அதற்கு முன்பே இதழ் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்,
திருச்சி.