மே மாதம் நீலகிரிப் பயணம் ஏன் இல்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்குவதால் "ஊட்டிக்கு வண்டி எப்போது?" என்று தினமும் போன் வருகிறது. இந்த மே மாதம் நாங்கள் நீலகிரிப் பயணம் போடவில்லை.

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் வார நாட்களில் நாளுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் நாளுக்கு 8,000 என்று வரம்பும் வந்தது. பாஸ் எடுப்பது பெரிய வேலை இல்லை. மேலே தண்ணீர்தான் பிரச்சினை. கோடையில் குன்னூரில் பல தெருக்களுக்குக் குழாய்த் தண்ணீர் பல நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. அங்கே போய் விடுதி ஷவரைத் திறந்துவிட்டு நிற்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அதற்காகச் சுற்றுலாவே கூடாது என்று சொல்லவில்லை. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு அங்குள்ள சிறு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். அப்படி ஒரு வீட்டுக்கு நம் சாப்பாட்டுப் பணம் போய்ச் சேர்ந்தால் அது பெரிய விஷயம். ஆனால் மே மாதம் நாம் போகாவிட்டாலும் கூட்டம் வரும். ஜீப் ஓட்டுபவரும் சமைத்துப் போடும் அக்காவும் நம்மை எதிர்பார்ப்பது செப்டம்பரிலும் ஜனவரி, பிப்ரவரியிலும்தான். அதனால் அந்த மாதங்களில் கோத்தகிரிக்குப் போகிறோம். அக்டோபர், நவம்பரில் அந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமாக இருக்கும். அப்போதும் பயணம் கிடையாது.

மேட்டுப்பாளையம் வரை ரயில், அங்கிருந்து அரசுப் பேருந்து, மேலே உள்ளூர் ஜீப். மதியம் ஒரு படுகர் வீட்டில் ராகிக் களியும் அவரைக் குழம்பும். ஹோட்டல் சாப்பாட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் அந்த வீட்டுக்குக் கொடுக்கிறோம், கட்டணம் சற்று ஏறியிருப்பது அதனால்தான். அப்புறம், தோடர் பூவேலைச் சால்வை வாங்க விரும்பினால் தைத்த பெண்களிடமே வாங்க ஏற்பாடு செய்கிறோம். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, இழை எண்ணிக் கையால் போடும் வேலை அது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. தயவுசெய்து பேரம் பேச வேண்டாம்.

மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள், வழியில் நிரப்பிக்கொள்ளலாம்.

செப்டம்பர் பயணத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இப்போதே சொல்லுங்கள். ஒரு வீட்டில் எத்தனை பேருக்குச் சமைக்க முடியுமோ அத்தனை பேரைத்தான் அழைத்துப் போகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்,
கோவை