பேஸ் கிட்டாருக்கு ‘ஏதாவது ஒரு சின்ன ஆம்ப்’ போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் பிள்ளைகளுக்கு இசைக் கருவி வாங்கித் தரும் பெற்றோருக்கு யோசனை சொல்லி ஒரு கட்டுரை வந்திருந்தது. கீபோர்டு, வயலின் பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கிட்டாரோ, கீழ் ஸ்தாயியில் வாசிக்கும் பேஸ் கிட்டாரோ, வீட்டில் வாசிக்க 10 வாட்ஸில் ஏதாவது ஒரு சின்ன ஆம்ப் (கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி) போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரியை நம்பி எத்தனை பேர் கடைக்குக் கிளம்புவார்களோ என்றுதான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இருபது வருஷத்துக்கு முன்னால் இதே யோசனையைக் கேட்டுக் காசை விட்டவன் நான்.

அப்போது எங்கள் சர்ச் கொயரில் பேஸ் வாசிக்க ஆள் இல்லை என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். பழக ஒரு ஆம்ப் வேண்டும் என்று போய் நின்றேன். கடைக்காரர் எலக்ட்ரிக் கிட்டாருக்கான குட்டி ஆம்ப் ஒன்றை எடுத்து வைத்து, “ரெண்டும் கிட்டார்தானே சார்” என்றார். வீட்டுக்கு வந்து தடித்த ஈ தந்தியைத் தட்டினால், ‘டும்’ என்று வரவேண்டியது தகர டப்பாவில் விரலால் சுண்டியதுபோல ‘டக்’ என்று வந்தது. சத்தம் போதவில்லை என்று வால்யூமைத் திருகித் திருகி, ஆறே மாதத்தில் ஸ்பீக்கரின் கோன், அதாவது முன்னும் பின்னும் அதிரும் கூம்பு, ஓரத்தில் கிழிந்து, அப்புறம் எதைத் தட்டினாலும் ‘பர்ர்’தான்.

விஷயம் என்னவென்றால், சாதாரண கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு 82 முறை அதிர்கிறது, பேஸில் அதில் சரிபாதி, 41. ஐந்து தந்தி பேஸ் என்றால் 31 வரை இறங்கும். அவ்வளவு கீழே போக ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், கோன் முன்னும் பின்னும் அதிக தூரம் போய்வர வேண்டும், கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. போதாக்குறைக்கு நம் காது வேறு. சத்தம் குறையக் குறைய கீழ் ஸ்தாயிதான் காதுக்கு முதலில் காணாமல் போகிறது, இதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். இளையராஜா பாட்டுகளில் பேஸ் போகிற போக்கைக் கேட்டு மயங்கித்தான் நம் ஊரில் பாதிப் பேர் இந்த வாத்தியத்தை எடுக்கிறார்கள். அதே பாட்டைச் செல்போன் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள், பேஸ் வாசித்தவர் லீவில் போனதுபோல இருக்கும்.

சரி, எதைத்தான் வாங்குவது? பேஸுக்கென்றே செய்த ஆம்ப், குறைந்தது 8 இன்ச் ஸ்பீக்கர். ஃபெண்டர் ரம்பிள் 25, ஆரஞ்ச் க்ரஷ் பேஸ் 25 இரண்டும் அந்த ரகம். 8 இன்ச்சிலும் அந்த 41 முழுசாக வராது, ஆனால் 82, 123 என்று மேலே உள்ள அதிர்வுகள் வருவதை வைத்து மூளை மீதியை நிரப்பிக்கொள்ளும், பழகுவதற்கு அது போதும். என்னைக் கேட்டால் கொஞ்சம் கூடப் போட்டு ரம்பிள் 40 எடுத்துவிடுங்கள் என்பேன். 25 வாட்ஸுக்கும் 40 வாட்ஸுக்கும் சத்தத்தில் வித்தியாசம் வெறும் 2 டெசிபல், அதற்காக இல்லை. அதில் இருப்பது 10 இன்ச் ஸ்பீக்கர், பின்னால் மேடை மைக் செட்டின் மிக்ஸருக்கு நேராக வயர் கொடுக்கும் வசதியும் உண்டு, நாளைக்குச் சர்ச்சிலோ கல்லூரி மேடையிலோ உதவும். 15 இன்ச் ஸ்பீக்கர் வைத்த பீரோவை மட்டும் ஆசைப்பட்டு வாங்கி வராதீர்கள், வீட்டில் அதன் வால்யூமை ஒன்றுக்கு மேல் வைக்க யாரும் விடமாட்டார்கள்.

ஹெட்போன் ஓட்டை இல்லாத ஆம்பைத் தொடவே தொடாதீர்கள். பிள்ளைகள் பழகுவது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான். ஹெட்போன் வயர் போட்டதாக இருக்கட்டும், ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வரும், விரல் ஒரு பக்கம் தாளம் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமல் வாசிப்பதில் கௌரவக் குறைச்சலும் கிடையாது. அறுபதுகளில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோடவுன் இசைத்தட்டு கம்பெனியின் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் பெரும்பாலும் மிக்ஸருக்கு நேராகப் போனதுதான்.

அடுத்தது, ஆம்பை எங்கே வைப்பது. இதைக் கட்டுரையில் தொடவே இல்லை. நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி. புது ஆம்ப் வாங்கின வாரம் கீழ் வீட்டு அம்மா மேலே ஏறி வந்து, “தம்பி, பாட்டு எதுவும் கேக்கல, ஆனா ஷோகேஸ்ல டம்ளர் எல்லாம் கிலுகிலுன்னு ஆடுதுப்பா, உங்க வீட்ல கிரைண்டர் ஏதும் ஓடுதா?” என்றார். நான் வால்யூம் மூன்றில்தான் வைத்திருந்தேன். ஆம்ப் தரையில் உட்கார்ந்திருந்தால் அதிர்வு நேரே தளத்தில் இறங்கிவிடுகிறது. அன்றைக்கே தூக்கி ஒரு ஸ்டூலில் வைத்து, அடியில் பழைய யோகா மேட்டை நாலாக மடித்துப் போட்டேன், டம்ளர் சத்தம் நின்றது. எனக்கும் லாபம், ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்தில் வந்ததால் வால்யூம் இரண்டிலேயே தெளிவாகக் கேட்டது. இன்னொரு வேடிக்கை, ஏ தந்தியைச் சும்மா தட்டினால் மட்டும் ரூமே குமுறும், ஈ தந்தி சாதுவாக இருக்கும். ஆம்பில்தான் கோளாறு என்று நினைத்து ரிப்பேருக்குக்கூடக் கொண்டுபோகப் பார்த்தேன். கோளாறு ரூமில். பத்தடி அகல அறையில் நொடிக்கு 56 என்கிற அதிர்வு சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, அடங்காமல் பெருகிக் குமுறும், ஏ தந்தி 55. மூலையில் வைத்தால் இன்னும் மோசம். சுவரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி, நடுவிலும் இல்லாமல் மூலையிலும் இல்லாமல் வைத்த பிறகு அடங்கியது.

கரண்ட் விஷயமும் உண்டு. அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த ஆம்பை அப்படியே நம் 230 வோல்ட்டில் சொருகினால் அங்கேயே முடிந்தது. பின்பக்கம் 120 என்று மட்டும் போட்டிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடக்கூடாது. அதேபோல மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்து இரண்டு முள்ளாக்கிச் சொருகுகிற பழக்கமும் வேண்டாம். ஆம்பில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள். தந்தியைத் தொடும்போது கையில் சுரீர் என்றால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இதில் விளையாட்டே வேண்டாம்.

கடைக்குப் போகும்போது பிள்ளையின் பேஸையே தூக்கிக்கொண்டு போங்கள். கடையில் முழு வால்யூம் வைத்து அதிரவிட்டுக் காட்டுவார்கள், அதில் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும். ராத்திரி வீட்டில் எவ்வளவு வைப்பீர்களோ அந்த அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள், மெல்லிய ஜி தந்தியையும் தடித்த ஈ தந்தியையும் மாற்றி மாற்றித் தட்டச் சொல்லுங்கள். ஜி கேட்டு ஈ கேட்காவிட்டால் அடுத்த ஆம்பை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
உறையூர், திருச்சி