கண்ணகி நகர்த் திடலுக்கு மாதச் செலவை யார் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகாவின் பெயரோடு அவருடைய ஊரான சென்னை கண்ணகி நகரின் பெயரும் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. குற்றச் செய்திகளில் மட்டும் அடிபட்டுவந்த ஊர்ப்பெயர் விளையாட்டுப் பக்கத்துக்கு மாறியதில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். அதன்பிறகு வந்த கட்டுரைகளும் கடிதங்களும் பெரும்பாலும் கேட்பது ஒன்றையே: இதுபோன்ற குடியிருப்புகளுக்கு நவீன அரங்கம் வேண்டும், செயற்கைத் தரை வேண்டும். கேட்பதில் தவறில்லை. ஆனால் அரங்கம் திறந்த மறுமாதம் என்ன நடக்கும் என்று யாரும் எழுதவில்லை. அதற்காகவே இந்தக் கடிதம்.

2000ஆம் ஆண்டிலிருந்து கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் பிற இடங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் வாழும் இடம் இது. அப்போதைய குடிசை மாற்று வாரியம் கட்டிய வீடுகள் 15,656. தொடக்கக் காலத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. நான்கைந்து பேர் இருக்கும் அந்த ஓர் அறையில் பிள்ளை உட்கார்ந்து படிக்கவோ கைகால் நீட்டவோ வழியில்லை. பிளாக்குகளுக்கு இடையிலுள்ள காலியிடம்தான் துணி காயப்போடும் கொடி, வண்டி நிறுத்துமிடம், திருவிழாப் பந்தல், கபடித் திடல் எல்லாம். ஆகவே திடலுக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி, கம்பி போட்டு, ‘இங்கே வண்டி நிறுத்தக்கூடாது’ என்று குடியிருப்போர் சங்கமே எழுதிக் கையெழுத்திடுவதுதான் முதல் வேலை. இதைச் செய்யாமல் போட்ட திடலில் ஆறே மாதத்தில் ஷேர் ஆட்டோ நிற்கும்.

தரையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். பெண்களுக்கான கபடி ஆடுகளம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஒரு மீட்டர் சதுரப் பாய்த் துண்டுகளாகப் போட்டால் 96 துண்டுகள். சுற்றிலும் இரண்டு மீட்டர் ஓரம் விட்டால் 192. நன்கொடையாளர்கள் பெரும்பாலும் முதல் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். பிடிபட்டுத் தள்ளப்படும் பிள்ளை ஓரத்து சிமென்ட்டில் போய் விழுகிறது. அதைவிடப் பெரிய தவறு, வீட்டுக்குள் விரிப்பதற்கான பாயை வெட்டவெளியில் விரிப்பது. வெயிலில் அது கெட்டியாகிச் சுருங்கும், இணைப்புப் பற்கள் மேலெழும், அதில் விரல் மாட்டிக் கணுக்கால் பிசகும். ஐப்பசி மழையில் அடியில் நீர் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். கூரை இல்லாத இடத்தில் மண் திடல்தான் சரி. கட்டட இடிபாடு கொட்டிய மண் இது. ஓர் அடி ஆழம் தோண்டி, கண்ணாடித் துண்டையும் கம்பியையும் பொறுக்கி எடுத்து, சலித்த செம்மண்ணோடு மரத்தூளைக் கலந்து நிரப்ப வேண்டும். தினமும் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். அப்போதே தெளித்துவிட்டு ஆடினால் வழுக்கும். வாரம் ஒருமுறை கொத்திவிடாத மண் சிமென்ட்போல இறுகிவிடும். மாவட்ட, மாநிலப் போட்டிகள் பாயில் நடப்பதால் போட்டிக்கு முந்தைய மூன்று வாரமாவது பாயில் பழக்க ஒரு சமுதாயக்கூடம் கிடைத்தால் போதும்.

விளக்குக் கம்பங்களை நீளவாக்கில் இருபுறமும் நட வேண்டும். கடைசிக் கோட்டுக்குப் பின்னால் நட்டால் ரைடு போகும் (எதிரணிப் பக்கம் பாடிப் போகும்) பிள்ளையின் கண்ணில் வெளிச்சம் அடித்து எதிரணியின் கால் தெரியாது.

நேரத்தைத் தீர்மானிப்பது பயிற்சியாளர் இல்லை, தண்ணீர். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் குடம் தூக்குவது பெரும்பாலும் பெண் பிள்ளைகள்தான். ‘பெண்கள் வருவதில்லை’ என்று சொல்லும் மையங்களில் போய்ப் பாருங்கள், பயிற்சி நேரமும் தண்ணீர் நேரமும் ஒன்றாகவே இருக்கும். அம்மா ஐ.டி. நிறுவனத்தில் துப்புரவு வேலை முடித்து வீடு திரும்புவதற்குள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் இவர்களே. சின்னப் பிள்ளையைக் கூட்டிவந்தால் உட்காரவைக்க ஓர் ஓரமும் ஒரு தன்னார்வலரும் இருந்தால் வருகை கூடும். முடிந்தபின் பிளாக் வாரியாகக் கூட்டமாக அனுப்ப வேண்டும். தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இல்லாத இடத்தில் பதின்மூன்று வயதுக்குமேல் எந்தப் பெண்ணும் நிலைப்பதில்லை. பெண் பயிற்சியாளர் ஒருவர் கட்டாயம். ஆண், பெண் யாராக இருந்தாலும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று வாங்கிய பிறகே சேர்க்க வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐச் சுவரில் பெரிதாக எழுதிவைக்க வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. மதிய உணவுக்குப்பின் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை ஏழு மணிக்கு மயங்கி விழுந்தால் அதற்குப் ‘பயிற்சிக் கடுமை’ என்று பெயர் வைக்கிறார்கள். முப்பது பேருக்கு ஒன்றரைக் கிலோ கொண்டைக்கடலை போதும். எட்டு மணி நேரம் ஊறி வெந்தால் மூன்று கிலோவுக்கு மேல் வரும், ஆளுக்கு நூறு கிராம். மறுநாள் முட்டை, ஒரு தட்டு. எடைப்பிரிவு வந்துவிட்டால் கூடுதல் கவனம் வேண்டும். சப்-ஜூனியர் பெண்களுக்கு 55 கிலோ வரம்பு என்பதால், போட்டிக்கு முன் இரண்டு நாள் பட்டினி கிடக்கச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பிள்ளைகளுக்கு இது ஆபத்து. எடை கூடினால் அடுத்த பிரிவில் ஆடட்டும். முட்டி பிசகினால் உடனே எண்ணெய் போட்டு நீவுவதும் இதேபோல ஆபத்தான பழக்கம்தான். பதினைந்து நிமிடம் ஐஸ் ஒத்தடம் கொடுத்து, ஊன்ற முடியாவிட்டால் மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் முறை.

இதற்கெல்லாம் எவ்வளவு ஆகும்? மாதம் 26 நாள், முப்பது பிள்ளைகள், இன்றைய கடை விலை என்று வைத்துக்கொள்வோம். முட்டை 2,500 ரூபாய், கடலை 2,000, எரிவாயு, எண்ணெய் 1,000, இரண்டு பயிற்சியாளருக்கு ஆளுக்கு 10,000, மின்சாரம், முதலுதவி, தண்ணீர் 2,000. ஏறத்தாழ 27,500 ரூபாய். ஆண்டுக்கு 3.3 லட்சம். தொகை பெரிதில்லை. ஆனால் இதற்கென்று எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் சுவர் கட்டலாம், கூரை போடலாம். முட்டை வாங்க முடியாது. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும். வீட்டுவேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் போகிறவர்களிடம் அதைத் திரட்டுவது எப்படி? கட்டணம் வாங்கலாம் என்ற யோசனையும் வந்தது. 2024இல் சென்னை மாநகராட்சி தன் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டுக் கட்டணம் வாங்கத் தீர்மானம் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. கைவிட்டது சரி. பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். தொகை குறைவுதான், ஆனாலும் நடத்துவதற்கென்றே அரசு ஒரு தலைப்பு திறந்தது. விளையாட்டுக்கும் அப்படி ஒன்று திறக்கலாம்.

பணம் வந்தாலும் சாவி ஒரு பிரச்சினை. மாலை நான்கரைக்குமேல் பள்ளி மைதானத்தைக் கேட்டால் தலைமையாசிரியர் தயங்குகிறார், ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே! அவரைக் குறை சொல்வதைவிட, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுவதே பலன் தரும். எந்த நாள், எத்தனை மணி, யார் சாவி வாங்குவார், யார் பெருக்கிப் பூட்டுவார், உடைந்தால் யார் பொறுப்பு என்ற ஐந்தும் அந்தத் தீர்மானத்தில் இருக்க வேண்டும். சாவி வாங்குபவர் அரசியல் கட்சிப் பொறுப்பாளராக இருந்தால் தேர்தலோடு மையம் மூடிவிடும். குடியிருப்பிலுள்ள இரண்டு தாய்மார்களிடம் கொடுத்த இடங்கள் நீடிக்கின்றன.

இன்னொன்று, பத்தாம் வகுப்போடு நிற்கும் பையன்கள். எந்தத் திட்டமும் இவர்களை எண்ணுவதில்லை. கேட்டரிங், சென்டரிங், டெலிவரி என்று போய்விடுவதால் மாலை ஐந்து மணி வகுப்பால் இவர்களுக்குப் பயனில்லை. விடியற்காலை ஐந்தரை முதல் ஏழு வரை ஒரு பிரிவு வைத்தால் வருகிறார்கள். தொடர்ந்து மூன்று நாள் வராதவர் வீட்டுக்கு நான்காம் நாள் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஃபோனில் கேட்டால் ‘வருகிறேன்’ என்பார்கள், வர மாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் பெயரோடு பிளாக் எண்ணும் வேண்டும் என்பது இதனால்தான்.

கண்ணகி நகர் மாநகராட்சி எல்லைக்குள், சோழிங்கநல்லூர் மண்டலத்தில் இருக்கிறது. இங்கே பகுதி சபை, அதாவது வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிக் குறை சொல்லும் கூட்டம், கூட வேண்டிய நாட்களில் ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகியவை சேரும். அறிவிப்பு முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் வருகிறது, வந்தவர்கள் குப்பை, சாக்கடை பற்றிப் பேசி முடிப்பதற்குள் கூட்டம் கலைகிறது. திடலின் மாதச் செலவை மாநகராட்சி பட்ஜெட்டில் தனித் தலைப்பாகச் சேர்க்கக் கோரும் மனுவை இரண்டு பிரதிகளாக எடுத்துப்போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, கூட்டம் கலையும் முன் தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டே நகர வேண்டும். பட்ஜெட் வேலை ஜனவரியிலேயே தொடங்கிவிடுவதால் டிசம்பர் 10 கூட்டத்தைத் தவறவிட்டால் அந்த ஆண்டு போயிற்று.

இப்படிக்கு,
ஒக்கியம் துரைப்பாக்கம் வாசகர்