அடுத்தாளும் மேலாளும்

யாங்கூன்

அன்புள்ள மகளுக்கு,

தரவு அறிவியல் வேலையில் ஐந்து ஆண்டுகள் முடியப்போவதாகவும், வேலையை விட்டுவிட்டு எம்.பி.ஏ. படித்து நிர்வாகப் பொறுப்புக்கு மாற விரும்புவதாகவும் சிங்கப்பூரிலிருந்து நீ எழுதியிருந்ததை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். அவள் கட்டணத்தைக் கேட்டுத் திகைத்தாள். எனக்கோ உன் பாட்டையாவின் நினைவு வந்தது.

அவர் இங்கே மொகல் தெருவில் ஒரு செட்டியார் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக வந்து, பேரேடு எழுதக் கற்று, கடையை நடத்தும் மேலாளுக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாளாக உயர்ந்தவர். கணக்கு அறியாதவர் அந்தக் கடைகளில் மேலாளாக முடியாது. கணக்கு மட்டும் அறிந்தவரையும் மேலாளாக்க மாட்டார்கள். யாரை நம்பிக் கடன் கொடுப்பது என்று ஆளைப் பார்த்துத் தீர்மானிக்கவும், அது தவறினால் ஊரிலிருக்கும் முதலாளிக்குப் பதில் சொல்லவும் துணிந்தவரிடமே பெட்டிச் சாவி போயிற்று.

நீ இப்போது செய்வது அடுத்தாளின் வேலை என்றால் கோபிக்காதே. எந்த வாடிக்கையாளர் விலகப்போகிறார் என்று உன் கணிப்பு சரியாகவே சொல்லலாம். ஆனால் தள்ளுபடி கொடுத்தால் தங்கிவிடுபவர் யார், எப்படியும் தங்கப்போகிறவருக்கு வீணாகக் கொடுத்து லாபத்தைக் கரைக்கிறோமா, அந்தப் பணம் யாருடைய செலவுக் கணக்கில் ஏறும் என்பதையெல்லாம் இன்னொருவர் அல்லவா முடிவு செய்கிறார்?

எண்கள் பொய் சொல்லாமலே ஏமாற்றும். நெல்விலை சரிந்த காலத்தில், கடனுக்கு ஈடாக வயல்கள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930இல் 6 சதவீதமாக இருந்து, அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் 25 சதவீதமாயிற்று. சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையில் சொத்து பெருத்தது, பெட்டியில் ரொக்கம் இல்லை. பின்னர் போர் வந்தது, 1948இல் நில தேசியமயச் சட்டமும் வந்தது; அந்த நிலங்களும் கைவிட்டுப் போயின.

என் கதையும் அப்படித்தான். 2017இல் இங்குள்ள பயிந்நவுங் மொத்தச் சந்தையில் முந்தைய ஆண்டுகளின் விலைகளை எழுதி வைத்துக்கொண்டு உளுந்தைத் தேக்கினேன். ஆகஸ்டில் இந்தியா, உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் இறக்குமதி செய்யக்கூடாது என்று அறிவித்தது. என் நோட்டில் இருந்த எந்த எண்ணிலும் அந்த அறிவிப்பு இல்லை. விற்பதா, காத்திருப்பதா, கூலியாட்களுக்கு என்ன சொல்வது என்று தூங்காமல் கிடந்த அந்த வாரத்தில்தான், உண்மையைச் சொன்னால், நான் வியாபாரம் கற்றேன்.

ஆகவே கட்டணம் கட்டுவதற்கு முன், சிறியதாயினும் ஒரு பொருளின் வரவு செலவை முழுவதும் உன் பொறுப்பில் விடும்படி உன் மேலாளரிடம் கேள். நட்டம் வந்தால் உன் பெயரில் வரவேண்டும். ஓராண்டு அதைச் சுமந்த பிறகும் ஆசை இருந்தால் படி; அங்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நான்யாங் பல்கலைக்கழகத்திலும் பகுதிநேர எம்.பி.ஏ. இருப்பதால் சம்பளத்தை விடவேண்டியதில்லை. நிரல் எழுதும் கை மழுங்கிவிடுமே என்று வருந்தியிருந்தாய். கொஞ்சம் மழுங்கத்தான் செய்யும். ஆனால் கீழே இருப்பவர்கள் காட்டும் கணிப்பில் ஓட்டை எங்கே என்று கேட்கத் தெரிந்த மேலாளர்கள் அரிது.

அம்மா தன் வளையல்களைத் தருவதாகச் சொல்கிறாள். அதை இப்போது பேசவேண்டாம். உன் நிறுவனம் வெளியிட்ட சென்ற ஆண்டு ஐந்தொகையையும் லாப நட்டக் கணக்கையும் ரொக்கப் புழக்கக் கணக்கையும் எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் இருவரும் வரிவரியாகப் பார்ப்போம். ரொக்கப் புழக்கத்திலிருந்து தொடங்குவோம்.

அன்புடன்,
அப்பா