பட்டியல் வேண்டாம், ஒரு பெயர் போதும்: மூத்த அனிமே ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களான அனிமேயிலும், பெரும்பாலும் அவற்றுக்கு மூலமான சித்திரக்கதைகளான மாங்காவிலும் ஊறித் திளைத்த மூத்த ரசிகர்களுக்கு,

வணக்கம். "எதிலிருந்து தொடங்கலாம்?" என்று புதிதாக வரும் ஒருவர் கேட்டதுமே உங்களிடமிருந்து இருபது பெயர்கள் கொட்டுகின்றன. அவருக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கும், எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்று யாரும் விசாரிப்பதில்லை. மருந்துக் கடையில்கூட என்ன உபாதை என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரையை எடுக்கிறார்கள். உங்கள் பட்டியலில் உங்கள் ரசனையின் பெருமை பளிச்சென்று தெரிகிறது, கேட்டவரைத்தான் காணவில்லை.

ஒன் பீஸை எடுத்துக்கொள்வோம். எயிச்சிரோ ஓடா 1997இல் தொடங்கிய மாங்கா 100 தொகுதிகளைத் தாண்டிவிட்டது. 1999இல் தொடங்கிய அனிமே 2021லேயே ஆயிரமாவது எபிசோடைத் தொட்டுவிட்டது. அதன்மீது நீங்கள் வைத்திருக்கும் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேலை முடிந்து வந்து, இரவில் அரைமணி நேரம் மட்டுமே கிடைக்கும் ஒருவரிடம் "முதல் நூறு எபிசோடுகளைப் பொறுத்துக்கொள், அப்புறம் பார்" என்று சொல்வது பரிந்துரையா, தண்டனையா? நூறு எபிசோடுகள் என்றால் ஏறத்தாழ நாற்பது மணி நேரம். அதற்குள் விண்வெளிக் குப்பை பொறுக்கும் தொழிலாளர்களின் கதையான பிளானெட்டெஸ் 26 எபிசோடுகளையும், டெத் நோட் 37 எபிசோடுகளையும், முஷிஷியின் முதல் தொடரான 26 எபிசோடுகளையும் பார்த்து முடித்த பிறகும் நேரம் மிச்சமிருக்கும். முஷிஷியில் ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை. எங்கே நிறுத்தினாலும் எதுவும் அறுந்து தொங்காது. நேரமில்லாதவருக்கு இதைவிடத் தோதான தொடர் எனக்குத் தெரியாது.

நீளமான தொடரைத்தான் கொடுப்பேன் என்றால், அதன் குறையையும் சேர்த்துக் கொடுங்கள். முதல் நருட்டோ தொடரின் 220 எபிசோடுகளில் கடைசி எண்பது சொச்சம் பெரும்பாலும் மாங்காவில் இல்லாதவை. வாராந்திர ஒளிபரப்பு நிற்கக் கூடாது, மாங்காவோ அவ்வளவு தூரம் வளரவில்லை. அந்த இடைவெளியை இட்டு நிரப்ப வந்த கதைகள் அவை. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதியில் ஓடிப்போன பலர் ஓடியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது வகைப் பெயர்களை வைத்துக்கொண்டு நீங்கள் நடத்தும் சாதிப் பிரிவினை. "ஷோனென் சின்னப் பிள்ளைகளுக்கு, செய்னென் பக்குவப்பட்டவர்களுக்கு" என்கிறீர்கள். மாங்காவைத் தொடராக வெளியிடும் ஓர் இதழ் எந்த வாசகரை எண்ணி வெளிவருகிறது (ஷோனென் என்றால் பையன்கள், செய்னென் என்றால் இளைஞர்கள்) என்பதைத் தாண்டி இந்தப் பெயர்களுக்கு அதிகப் பொருள் கிடையாது. கென்டாரோ மியூராவின் பெர்செர்க் வெளிவந்த அதே யங் அனிமல் இதழில்தான் சிக்கா உமினோவின் மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன் 2007இல் தொடங்கியது. முன்னது ரத்தம் தெறிக்கும் இருண்ட வாள்கதை. பின்னது தனியாக வாழும் பதின்வயது ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) ஆட்டக்காரனையும் அவனுக்குச் சோறு போடும் மூன்று சகோதரிகளையும் பற்றியது. இரண்டும் செய்னென்தான். "செய்னென் படி, உனக்குப் பிடிக்கும்" என்று சொல்லி அனுப்பினால் அந்த மனிதர் எந்தக் கதவைத் தட்டுவார்? காது கேளாத சிறுமியும் அவளைத் துன்புறுத்திய சிறுவனும் பின்னாளில் சந்திப்பதைச் சொல்லும் எ சைலன்ட் வாய்ஸ், வீக்லி ஷோனென் மேகசினில் வந்தது. ஏழே தொகுதிகள். பக்குவம் அதில் எங்கே குறைந்துவிட்டது? போகிற போக்கில் ஒன்று: பெர்செர்க்கைக் கையில் கொடுப்பவர், அதில் பாலியல் வன்முறைக் காட்சிகள் உண்டு என்பதையும் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

எந்தத் தொடரை முதலில் பார்ப்பது என்ற சண்டைக்கும் முடிவே இல்லை. ஹிரோமு அரகாவாவின் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் 2003இல் அனிமேயானபோது மாங்கா முடிந்திருக்கவில்லை. ஆகவே அது பாதியில் தன் போக்கில் கிளம்பி வேறொரு முடிவைத் தேடிக்கொண்டது. அதே கதையை மறுபடி எடுத்து 2009இல் வந்த பிரதர்ஹுட் என்ற அனிமே, மாங்காவைப் பின்பற்றியது. புதியவருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கு 2003 தொடரின் நிதானமான முதல் பாதிதான் பிடிக்கும். அதற்காக யாரோடும் மல்லுக்கு நிற்க மாட்டேன். ஜப்பானியக் குரலா, மொழிமாற்றுக் குரலா என்பதைப் பார்ப்பவரின் காதுக்கே விட்டுவிடலாம்.

எரிச்சலூட்டும் இன்னொரு வழக்கம், பரீட்சை வைப்பது. டீமன் ஸ்லேயர் பார்த்துவிட்டு ஆசையோடு வருபவரிடம் "அதெல்லாம் ஒரு அனிமேயா?" என்று உதட்டைப் பிதுக்குகிறீர்கள். அதன் முகென் ட்ரெய்ன் படம் 2020இல் வெளிவந்து, ஜப்பானின் வசூல் வரலாற்றிலேயே முதலிடத்துக்குப் போனது. அதைப் பார்த்தவர்களெல்லாம் போலி ரசிகர்கள் என்றால் அசல் ரசிகர்களாக எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? 1975இல் டோக்கியோவில் ரசிகர்களே தொடங்கிய காமிக் மார்க்கெட் என்ற புத்தகச் சந்தை, புத்தகம் வரைந்து விற்பவர், வாங்க வருபவர், தொண்டு செய்பவர் எல்லாரையும் பங்கேற்பாளர்கள் என்றே கருதுகிறது. அங்கே நுழைய யாரும் தேர்வெழுத வேண்டியதில்லை.

அடுத்த முறை ஒருவர் வந்து கேட்டால், அவருக்குக் கடைசியாகப் பிடித்த நாவலையோ படத்தையோ சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு பெயர் கொடுங்கள். "அதில் யார்மீதும் பாசம் வைத்துவிடாதே" என்று கண்ணடிக்காதீர்கள், அதுவும் கதையை முன்கூட்டியே உடைக்கும் ஸ்பாய்லர்தான். பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தால் வாதாடாமல் இன்னொரு பெயர் கொடுங்கள். மாங்கா என்றால், வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும் என்பதையும் சொல்லியனுப்புங்கள். முடிவை முதலில் படித்துவிட்டு, கதை புரியவில்லை என்று புத்தகத்தை மூடிவைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவர்